66 காகித வளையங்கள்

பள்ளி விடும் நேரத்தில் ஒரு தாய் என் மேசை முன்னால் வந்து நின்றார். கையில் அவருடைய மகன் அன்று வகுப்பில் செய்த கிரீடம். பழுப்பு அட்டையில் பட்டை வெட்டி, சிவப்பும் மஞ்சளுமாகக் காகித இறகுகள் ஒட்டியிருந்தோம். "இது எந்த மக்கள் அணிந்தது?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. "வாம்பனோவாக்..." என்று இழுத்தேன். அவர் தாம் எந்தப் பூர்வகுடியைச் சேர்ந்தவர் என்று சொன்னார்; அது வேறொரு இனம். "எங்கள் வீட்டில் யாரும் இப்படி எதையும் அணிந்ததில்லை, அதனால்தான் கேட்டேன்" என்றார். கிரீடத்தை மேசைமேல் வைத்துவிட்டு மகனை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக எனக்கு அது முதல் வருடம். மாசசூசெட்ஸில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் தங்கள் மாநிலத்தின் தொடக்கக் கதையைப் படிக்கிறார்கள்: இந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள், 1620இல் இங்கிலாந்திலிருந்து வந்து இங்கே பிளிமத் என்ற ஊரை அமைத்த குடியேறிகள், பிறகு பாஸ்டனில் மூண்ட கலகம், விடுதலைப் போர். தமிழ்நாட்டில் நான் கணக்கு டீச்சர். இந்தச் சரித்திரத்தைக் குழந்தைகளுக்கு இரண்டு வாரம் முன்னால் ஓடி ஓடித்தான் படித்துக்கொண்டிருந்தேன். கிரீடம், குடியேறிகள் அணிந்ததாகச் சொல்லும் கொக்கி வைத்த கறுப்புத் தொப்பி, உள்ளங்கையை வரைந்து செய்யும் வான்கோழி என்று நவம்பர் மாதத்து நன்றி நவிலல் விழாவுக்கென்று அலமாரியில் ஒரு பெட்டியே இருந்தது. முன்பிருந்தவர்கள் விட்டுப்போனது. நானும் கேள்வி கேட்காமல் திறந்தேன்.

தேடிப் படித்தபோது வெட்கமாக இருந்தது. அந்த மாதிரி இறகுக் கிரீடம் இங்கிருந்து வெகு தொலைவில், நாட்டின் நடுப்பகுதிச் சமவெளிகளில் வாழும் மக்களுக்கு உரியது. அவர்களிடமும் அது போகிற வருகிறவரெல்லாம் அணிவதில்லை. செயலால் சம்பாதிக்க வேண்டிய மரியாதை. கொக்கித் தொப்பியோ பின்னாளில் வந்த ஓவியர்களின் கற்பனை. பெட்டியை அப்படியே குப்பையில் போட்டேன். வேஷம் கட்டுவதை நிறுத்திவிட்டு எனக்குத் தெரிந்த தொழிலுக்குத் திரும்பினேன். அளவு நாடாவை எடுத்தேன்.

அந்தக் குடியேறிகள் வந்த மேஃபிளவர் கப்பலில் 102 பயணிகள். அவர்கள் தங்கிய நடுத்தளம் ஏறத்தாழ 58 அடி நீளம், 24 அடி அகலம். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குப் பதின்மூன்றரைச் சதுர அடிக்குச் சற்று மேல். என் வகுப்பில் 22 பேர். ஆக 300 சதுர அடி. விளையாட்டுக் கூடத் தரையில் 20 அடிக்கு 15 அடி என்று ஒட்டு நாடாவால் ஒரு செவ்வகம் போட்டேன். ஐந்தரை அடி உயரத்தில் நாலு பக்கமும் கயிறு கட்டினேன்; தளத்தின் கூரை அவ்வளவுதான் இருந்திருக்கும். எட்டு வயதுக் குழந்தைகளின் தலை கயிற்றில் இடிக்கவே இல்லை. அவர்கள் கூத்தாடினார்கள். எனக்குத்தான் குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்டது. அதைக் கண்டுதான் அவர்களுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். "பெரியவர்கள் எல்லாரும் இப்படியேவா நடந்தார்கள்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

செவ்வகத்துக்குள் 22 பேரும் பாய் விரித்துப் படுக்க வேண்டும், ஒரு தலையணை உறைக்குள் அடங்கும் பொருளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு. அடுத்த ஐந்து நிமிடம் சண்டை. பிறகு யாரும் சொல்லாமலே, கால்களை ஒரு பக்கமாக மடக்கி வரிசையாகப் படுக்கும் ஏற்பாட்டை அவர்களே கண்டுபிடித்தார்கள். அப்போது இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். மேஃபிளவரில் துண்டுகளாகப் பிரித்து அடுக்கிய ஒரு சிறு படகும் அதே தளத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. மறுபடி சண்டை. இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன். அதற்கு மேல் போனால் விளையாட்டாகிவிடும், அல்லது யாராவது அழுவார்கள். இரண்டையும் பார்த்துவிட்டேன்.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கூடத்தை முந்தின வாரமே கேட்டு வாங்குங்கள். மெழுகு பூசிய தரையில் சாதாரணப் பிசின் நாடா ஒட்டினால் உரித்தெடுக்கும்போது மெழுகும் சேர்ந்து வரும். பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் நீல நாடா வாங்குங்கள். துப்புரவு ஊழியரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

இடத்தை இப்படிக் காட்டிவிடலாம். காலத்தை எப்படிக் காட்டுவது? பயணம் 66 நாள். பாடநூலில் அது ஒரு வரி. குழந்தை அதை அரை வினாடியில் தாண்டிவிடுகிறது. அவர்கள் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தை விட்டது செப்டம்பர் 6. மாசசூசெட்ஸின் கேப் காட் முனைக்கு உள்ளே நங்கூரம் பாய்ச்சியது நவம்பர் 11. எங்கள் பள்ளி திறந்து சில நாட்களில் செப்டம்பர் 6 வந்துவிடும்! காகித வளையம் 66 செய்து சங்கிலியாகக் கோத்து வகுப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கட்டினோம். நாளுக்கு ஒரு வளையம் வெட்ட வேண்டும். திங்கட்கிழமை வந்தால் மூன்று. (அன்றைய ஆங்கிலேய நாட்காட்டி நம்முடையதற்குப் பத்து நாள் பின்தங்கியது. அதைச் சொல்லி எட்டு வயதுப் பிள்ளைகளைக் குழப்பவில்லை.)

பத்து நிமிட வேலைதான். ஆனால் நான் செய்தவற்றில் இதைப்போல எதுவும் வேலை செய்ததில்லை. இரண்டு வாரம் வரை கத்தரிக்கோல் யார் பிடிப்பது என்று போட்டி. மூன்றாம் வாரத்தில் சலிப்பு. அக்டோபரில் நாங்கள் பின்னங்களுக்கு வந்துவிட்டோம், ஆப்பிள் தோட்டத்துக்கு ஒரு சுற்றுலா போய்வந்தோம், ஒரு குழந்தையின் வீட்டில் தம்பி பிறந்தான். சங்கிலி இன்னும் தொங்குகிறது. "இவர்கள் இன்னுமா கடலில் இருக்கிறார்கள்?" என்று ஒருவன் உண்மையான எரிச்சலோடு கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் அத்தனை வளையமும். நடுவில் கடலிலேயே ஒரு குழந்தை பிறந்தது, அதற்கு ஓசியானஸ் என்று பெயர் வைத்தார்கள் என்று சொன்னதும், தம்பி பிறந்தவன் ஒரு வளையத்தில் தொட்டில் வரைந்தான். ஜான் ஹவ்லண்ட் என்ற இளைஞன் புயலில் கடலில் விழுந்து, தொங்கிய கயிற்றைப் பற்றிப் பிழைத்ததைச் சொன்ன நாளில் மூன்று வளையங்களில் ஆள் தொங்கினான்.

நவம்பர் 9 அன்று கரை தெரிந்தது. சங்கிலியில் இரண்டு வளையம் பாக்கி. "தெரிந்துவிட்டதே, ஏன் இறங்கவில்லை?" தெற்கே ஹட்சன் ஆற்றுப் பக்கம் போகத்தான் அவர்களுக்கு அனுமதி, முயன்று பார்த்து, ஆபத்தான மணல்திட்டுகளில் சிக்கப் பார்த்துத் திரும்பினார்கள் என்று வரைபடத்தில் காட்டினேன். நவம்பர் 11 இங்கே படைவீரர் தினம், பள்ளி விடுமுறை. அதை நான் செப்டம்பரில் யோசிக்கவே இல்லை. கடைசி வளையத்தை வெட்ட ஆளில்லாமல் அது ஒரு நாள் தனியாகத் தொங்கியது. மறுநாள் வந்த குழந்தைகள் முதலில் பார்த்தது அதைத்தான்.

கப்பல் பிஸ்கட்டும் சுட்டோம். இரண்டு கோப்பை மாவு, முக்கால் கோப்பைத் தண்ணீர், உப்பு. தட்டையாக விரித்து, சதுரமாக வெட்டி, துளை குத்தி, 190 டிகிரி செல்சியஸில் பக்கத்துக்கு அரை மணி நேரம். கல்லாக வரும், வர வேண்டும். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருக்கிறார்களா என்று முதலிலேயே வீட்டுக்குக் கடிதம் அனுப்பிக் கேளுங்கள். பால்பல் ஆடிக்கொண்டிருக்கும் வயது என்பதால் கடிக்க விடாதீர்கள், சூப்பில் ஊறவைத்துக் கொடுங்கள். கப்பலிலும் அப்படித்தான் தின்றிருப்பார்கள்.

வெண்ணெய் எடுப்பது, இறகுப் பேனா சீவுவது, பிடி வைத்த பலகையில் எழுத்துத் தாள் ஒட்டிப் படிப்பது, இதெல்லாம் எல்லாரும் செய்வதுதான். பாட்டிலில் பாலேட்டை ஊற்றிக் கால் மணி நேரம் குலுக்கினால் வெண்ணெய் திரளும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். என் அப்பத்தா மத்தால் கடைந்து எடுத்ததைத் தினமும் பார்த்து வளர்ந்த எனக்கு, இதில் என்ன சரித்திரம் இருக்கிறது என்று இன்றுவரை விளங்கவில்லை. மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கரை இறங்கிய பிறகுதான் கதை கடினமாகிறது. முதல் குளிர்காலத்தில் அந்த 102 பேரில் ஏறத்தாழப் பாதி இறந்துபோனார்கள். "நீ இறந்துவிட்டாய், நீ பிழைத்தாய்" என்று சீட்டுக் கொடுக்கும் ஒரு விளையாட்டைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் 102 மொச்சைக் கொட்டைகளை எண்ணிப் போட்டோம். டிசம்பர் முதல் மார்ச் வரை, தினம் காலையில், எதுவும் சொல்லாமல் நான் ஒன்றோ இரண்டோ எடுத்து அலமாரியில் வைப்பேன். சில நாள் எதுவும் எடுக்க மாட்டேன். குழந்தைகள் உள்ளே வந்ததும் கிண்ணத்தைப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

அதன் பக்கத்தில் இன்னொரு கிண்ணம், காலி. அதுவும் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது. பிப்ரவரியில்தான் ஒருத்தி அது என்ன என்று கேட்டாள். பட்டுக்செட் என்றேன். பிளிமத் குடியேறிகள் வீடு கட்டிய இடம் காடல்ல, ஒரு வாம்பனோவாக் ஊர். 1616 முதல் 1619 வரை கரையோரத்தில் பரவிய கொள்ளைநோயில் அந்த ஊரே அழிந்துவிட்டது. திருத்தி வைத்த மக்காச்சோள வயல் இருந்தது, உழுதவர்கள் இல்லை. அந்த ஊரில் பிறந்த திஸ்குவாண்டம் மட்டும் உயிரோடு இருந்தார். காரணம், அவர் ஊரில் இல்லை. 1614இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் அவரையும் இன்னும் பலரையும் ஏமாற்றிப் பிடித்து ஸ்பெயினுக்குக் கொண்டுபோய் விற்றான். அங்கிருந்து லண்டன் போய், ஆங்கிலம் கற்று, 1619இல் எப்படியோ ஊர் திரும்பினார். ஊரில் யாரும் இல்லை. குடியேறிகளுக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

அந்தக் காலிக் கிண்ணத்தை இருபத்திரண்டு குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எதுவும் விளக்கவில்லை. சில நேரம் ஆசிரியர் வாயை மூடிக்கொள்வதும் ஒரு செய்முறைதான். எனக்கு அது கைவரப் பல வருடம் ஆயிற்று.

அந்தத் தாயின் கேள்வி இன்னொரு பழக்கத்தையும் மாற்றியது. சுவரில் ஒட்டியிருந்த அட்டைகளில் எல்லாம் "வாம்பனோவாக் மக்கள் சோளம் பயிரிட்டார்கள், மீன் பிடித்தார்கள்" என்று இறந்த காலம். குழந்தைகளிடம் கறுப்புப் பேனாவைக் கொடுத்து, எந்த வாக்கியங்களை நிகழ்காலத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேடச் சொன்னேன். மாஷ்பி, அக்வின்னா என்ற இரண்டு வாம்பனோவாக் சமூகங்கள் இதே மாநிலத்தில், எங்கள் ஊரிலிருந்து காரில் போய் வரும் தூரத்தில் இருக்கின்றன. பேசுவோர் இல்லாமல் போயிருந்த தங்கள் மொழியை, 1663இல் அந்த மொழியில் அச்சான பைபிளையும் பழைய பத்திரங்களையும் வைத்துக்கொண்டு அவர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அச்சான முதல் பைபிளே அதுதான், ஆங்கில பைபிள் அல்ல. இதைச் சொன்னபோது குழந்தைகளைவிட எனக்குத்தான் சிலிர்த்தது. தமிழ்க்காரிக்கு மொழி என்றால் அப்படித்தான்.

தோட்டத்துக்கு வருகிறேன். சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மண்மேட்டில் நடுவதை இங்கே 'மூன்று சகோதரிகள்' என்பார்கள். சோளத்தண்டில் அவரை ஏறும், அவரையின் வேர் மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும், பூசணி இலை தரையை மூடிக் களையையும் வெயிலையும் தடுக்கும். நம் ஊர் ஊடுபயிர்தான். மூன்றையும் ஒரே நாளில் ஊன்றினால் அவரை முந்திக்கொண்டு சோள நாற்றைச் சாய்த்துவிடும். சோளம் ஒரு சாண் வளர்ந்த பிறகு அவரை, அதற்கு ஒரு வாரம் கழித்துப் பூசணி.

எனக்கு இடித்தது பள்ளிக் காலண்டர். இங்கே பனி விலகி மண் சூடாக மே மாதப் பிற்பகுதி ஆகும். ஜூனில் பள்ளி மூடிவிடும். நட்ட குழந்தைகள் அறுவடையைப் பார்க்கவே போவதில்லை. முதல் வருடம் கோடையில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் எல்லாம் கருகியது. இரண்டாம் வருடம் சில குடும்பங்கள் வாரம் ஒருவராக முறை வைத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் புதிய மூன்றாம் வகுப்பு வந்து, தாங்கள் நடாத சோளத்தை ஒடித்தது. ஒரு வகுப்பு நடுகிறது, அடுத்த வகுப்பு அறுக்கிறது. இப்போது அதை வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறோம்.

மீனையும் சொல்ல வேண்டும். திஸ்குவாண்டம் சோளத்தோடு மீனை எருவாகப் புதைக்கக் கற்றுக்கொடுத்தார் என்று படித்துவிட்டு, நானும் சந்தையில் சிறு மீன் வாங்கிவந்து மேட்டுக்கு ஒன்றாகப் புதைக்கவைத்தேன். மறுநாள் காலை தோட்டம் குண்டு விழுந்ததுபோல் இருந்தது. ரக்கூன் குடும்பம் ஒன்று இரவெல்லாம் விருந்து சாப்பிட்டிருக்கிறது. அன்று மாலை தலைமையாசிரியர் என்னை அழைத்து மிகவும் மரியாதையாக, இனி மீன் வேண்டாம் என்றார்.

1760களுக்கு வந்தால் எல்லாரும் கையிலெடுப்பது வரி விளையாட்டு. ஆளுக்குப் பத்துப் பொத்தான். பென்சில் சீவ ஒரு பொத்தான், காகிதம் எடுக்க இரண்டு என்று ராஜா அறிவிப்பார். குடியேற்றங்களில் புழங்கும் காகிதங்களுக்கு இங்கிலாந்து வரி போட்ட 1765இன் முத்திரைச் சட்டம் புரிந்துவிடும் என்பது கணக்கு. முதல் முறை இது விளையாட்டு என்று சொல்லாமலே தொடங்கினேன். நன்றாக எழுதும் ஒரு பையன் மதியத்துக்குள் பொத்தான் தீர்ந்து, காகிதம் கிடைக்காமல் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுதான். வீட்டில் பணத் தட்டுப்பாட்டைத் தினமும் பார்க்கும் குழந்தை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த முறை முதலிலேயே "இன்று ஒரு நாடகம், இரண்டு மணிக்கு முடிந்துவிடும்" என்று சொல்லிவிட்டேன். கோபம் கொஞ்சமும் குறையவில்லை! வரி வசூலிக்க நியமித்த இரண்டு பேரோடும் மதிய உணவில் யாரும் பேசவில்லை. பாஸ்டனில் முத்திரை விற்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை 1765 ஆகஸ்டில் மரத்தில் தொங்கவிட்டார்கள், அவர் பதவியை உதறினார் என்று அப்போது சொன்னால், அந்த இருவர் முகத்தையும் பார்க்க வேண்டும்.

என் மனத்துக்கு நெருக்கமான பாடம் 1770 மார்ச் 5. பாஸ்டன் தெருவில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐந்து பேர் இறந்த சம்பவம். இதற்கு ஒரு கூட்டாளி வேண்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியை திடீரென்று கதவைத் திறந்து வருவார், என்னிடம் ஏதோ கடுகடுவென்று சொல்வார், மேசையிலிருந்த நீலக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நாற்பது வினாடி. "என்ன நடந்தது, எழுதுங்கள்" என்பேன். இருபத்திரண்டு தாள்களில் கோப்பை பச்சையாக இருந்தது, சிவப்பாக இருந்தது, நான்கு பேருக்கு அது புத்தகமாக இருந்தது. நான் அவரை முதலில் திட்டினேன் என்று ஆறு பேர் எழுதினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் படம். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த பாஸ்டன் வெள்ளிக் கொல்லர் பால் ரெவியர், சம்பவம் நடந்த மூன்று வாரத்துக்குள் அச்சிட்டு விற்ற செப்புத்தகட்டு ஓவியம். படத்தை நான்காக மடித்து ஒவ்வொரு கால்பகுதியாகக் காட்டுவேன். வலது பக்கம் சிப்பாய்கள் நேர்க்கோட்டில் நின்று ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். பின்னால் அதிகாரி வாளை உயர்த்திக் கட்டளையிடுகிறார். இடது பக்கம் கையில் ஒன்றுமில்லாத நல்ல மனிதர்கள் விழுகிறார்கள். கட்டடத்தில் 'கசாப்புக் கடை' என்ற பொருளில் ஒரு பலகை. நடுவில் ஒரு நாய்க்குட்டி. அதை முதலில் கண்டுபிடிப்பவருக்கு நான் பரிசு வைக்காமலே போட்டி வந்துவிடும். பிறகு சாட்சிகள் சொன்னவற்றைச் சின்னச் சீட்டுகளில் கொடுப்பேன். இரவு ஒன்பது மணி அளவில் நடந்தது. தரையில் பனி. கூட்டம் பனிக்கட்டிகளையும் தடிகளையும் வீசியது. முதலில் இறந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்கப் பூர்விகமும் பூர்வகுடிப் பூர்விகமும் கொண்டவர். "பனி எங்கே?" என்றான் ஒருவன். படம் முழுக்கத் தேடினார்கள். "அட்டக்ஸ் எங்கே?" என்றாள் இன்னொருத்தி. அதற்கும் தேடினார்கள்.

சிப்பாய்களுக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் நாட்டின் இரண்டாவது அதிபர் ஆனவர். அதிகாரி விடுதலை, எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை, இருவருக்கு மட்டும் கட்டைவிரலில் சூடு. நீதிமன்றக் காட்சியாக இதை நடிக்கவைக்கலாம், நான் செய்வதில்லை. நடிக்கத் தொடங்கியதும் யார் நீதிபதி என்பதில் கவனம் போய்விடுகிறது. பதிலாக, அதே சம்பவத்தை ஒரு சிப்பாயின் நண்பன் வரைந்திருந்தால் படம் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்வேன். அந்தப் படங்களில் பனி கட்டாயம் இருக்கும்.

1773 டிசம்பர் 16. தேயிலை வரியை எதிர்த்த பாஸ்டன்காரர்கள் மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலையைத் துறைமுகத் தண்ணீரில் கொட்டினார்கள். நடைவழிச் சுவரில் 342 காகிதச் சதுரம் ஒட்டியதோடு சரி. அவர்களைப் போல மொஹாக் என்ற பூர்வகுடியினரின் வேஷம் போட்டுக்கொண்டு பெட்டி எறிவதை நாங்கள் செய்வதில்லை, அவர்கள் ஏன் வேறு மக்களின் வேஷத்தில் போனார்கள் என்று மட்டும் பேசுவோம். என் பங்குக்கு நான் சேர்த்தது நூல். "அந்தத் தேயிலை எங்கிருந்து வந்தது?" என்றால் வகுப்பில் பாதி இந்தியா என்று என்னைப் பார்க்கும். அஸ்ஸாமிலும் நீலகிரியிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்கள் வந்ததெல்லாம் அடுத்த நூற்றாண்டில். கடலில் கொட்டியது முழுக்கச் சீனத் தேயிலை. உலகப்படத்தில் சீனத்துக் கான்டன் துறைமுகத்திலிருந்து லண்டனுக்கு ஒரு சிவப்பு நூல், லண்டனிலிருந்து பாஸ்டனுக்கு ஒன்று. விற்றது கிழக்கிந்தியக் கம்பெனி. அதே கம்பெனியின் கோட்டை எங்கள் சென்னையில் இன்றும் நிற்கிறது, அதற்குள்தான் சட்டமன்றம் நடக்கிறது என்று மூன்றாவது நூலைச் சென்னைக்கு இழுப்பேன். 1770 வங்காளப் பஞ்சம் கம்பெனிக் காலத்தில் நடந்தது. அந்தச் செய்தி அமெரிக்காவுக்கும் எட்டியிருந்தது, கம்பெனியை எதிர்த்து இங்கே எழுதியவர்கள் அதைச் சுட்டிக்காட்டினார்கள். பிள்ளைகளுக்கு இது எவ்வளவு ஏறுகிறதோ தெரியாது. எனக்காகத்தான் அந்த மூன்றாவது நூல்.

இனி, எந்த நிலையிலும் செய்யக் கூடாத ஒன்று. அடிமைக் கப்பலையோ ஏலத்தையோ வகுப்பில் நடிக்கவைக்காதீர்கள். இந்த நாட்டில் அவ்வப்போது ஏதோ ஒரு பள்ளி அதைச் செய்துவிட்டுச் செய்தியில் அடிபடுகிறது. ஒரு குழந்தையை நிற்கவைத்து விலை சொல்வதில் இன்னொரு குழந்தை கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. நான் சொல்வது பிலிஸ் வீட்லியின் கதை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி 1761இல் பாஸ்டனுக்குக் கொண்டுவந்து விற்கப்பட்ட சிறுமி. அவளைக் கொண்டுவந்த கப்பலின் பெயர் பிலிஸ். வாங்கிய குடும்பத்தின் பெயர் வீட்லி. அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வயதும் தெரியாது. முன்பற்கள் விழுந்திருந்ததை வைத்து ஏழு இருக்கும் என்று கணித்தார்கள்.

அந்த இடத்தில் நான் நிறுத்துவேன். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு எப்போதும் ஒரு பல்லாவது விழுந்திருக்கும். யாரும் சொல்லாமலே நாக்குகள் ஈறைத் தடவும். ஒரு வருடம் ஒரு பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சில ஆண்டுகளில் அவள் ஆங்கிலமும் லத்தீனும் கற்றுக் கவிதை எழுதினாள். ஓர் அடிமைப் பெண் இப்படி எழுத முடியாது என்று நம்ப மறுத்தவர்களுக்காக, பாஸ்டனின் பெரிய மனிதர்கள் பதினெட்டுப் பேர், எழுதியது அவள்தான் என்று கையெழுத்திட வேண்டியிருந்தது. 1773இல் லண்டனில் நூலாக வந்தது. அதன் பிரதிகள் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தது டார்ட்மத் என்ற கப்பலில்; சில நாள் கழித்துத் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் தள்ளிய அதே டார்ட்மத். புத்தகங்களை அதற்கு முன்பே இறக்கிவிட்டார்கள். இதைச் சொன்னதும் குழந்தைகள் எழுந்துபோய் நடைவழியில் ஒட்டிய 342 சதுரங்களின் ஓரத்தில், பென்சிலால், ஒரு சின்னப் புத்தகம் வரைந்துவிட்டு வந்தார்கள். நான் சொல்லிச் செய்ததல்ல.

இந்தப் பாடத்துக்குச் செய்முறை ஒன்றுதான். ஆளுக்கு ஒரு தாள்; அவளிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வி. திருத்துவதில்லை, மதிப்பெண் இல்லை, சுவரில் ஒட்டுவதுமில்லை. ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். "உன் அம்மா உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள்?" என்பது வருடா வருடம் யாராவது ஒருவர் எழுதும் கேள்வி.

கிரீடம் கொண்டுவந்த அந்தத் தாயை அடுத்த வருடம் நானே தேடிப் போய், வகுப்புக்கு வர முடியுமா என்று கேட்டேன். தம் மக்களுக்கெல்லாம் பிரதிநிதியாக நிற்கத் தனக்கு விருப்பமில்லை என்றார். நியாயம்தான். ஆனால் தோட்டத்துக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற முறை போட்டபோது, ஜூலை இரண்டாம் வாரத்தில் அவர் தம் பெயரை எழுதிவைத்திருந்தார். சென்ற ஜூனில் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்கென்று ஓர் அட்டை எழுதி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, தோட்டக் குச்சியில் கட்டிவிட்டுப் போனார்கள். சோளத்தை எப்போது ஒடிக்க வேண்டும், பூசணி இலை குத்தும், கையுறை போடுங்கள் என்று வரிசையாக இருந்தது. கடைசி வரி பெரிய எழுத்தில், சிவப்புக் கிரேயானில்: "டீச்சர் மீன் வாங்கி வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்."